குதிரை யார்டுக்குப் போறீங்களா? பையில இருக்கற ஆப்பிளை வெளிய எடுக்காதீங்க

இங்கிலாந்துல ஒரு குடும்பமே சேர்ந்து நடத்தற லிவரி யார்டுலதான் என் குதிரை நிக்குது. லிவரின்னா மாசாமாசம் காசு கட்டி நம்ம குதிரையை அவங்க லாயத்துல விட்டு வெக்கறது. அங்கேயே ரைடிங் கிளாஸும் உண்டு. வீக்கெண்டானா நம்மாளுங்களும் பிள்ளைகளைக் கூட்டிட்டு வர்றாங்க, பாக்க சந்தோஷமா இருக்கு, ஆனா ஒரு காலத்துல நாங்க பண்ண அதே தப்புகளைத்தான் பண்றாங்க. கத்தாதீங்க, பின்பக்கமா போகாதீங்கங்கறதெல்லாம் போர்டுலயே இருக்கு, அதை விட்டுடறேன்.

கேக்காம தீனி கொடுக்கறது

இதுக்கு மட்டும் எனக்கு இன்னும் கோவம் வருது. குதிரை வேலிக்கு மேல தலையை நீட்டும், பிள்ளை ஆசைப்படும், உடனே ஆப்பிள், பிரெட்னு எடுத்து ஊட்டிடறாங்க. குதிரையால வாந்தி எடுக்க முடியாதுங்க. ஒத்துக்காதது உள்ள போனா, வயிறு உப்பினாலும் குடல் அடைச்சாலும் அத்தனை வலியையும் அது தாங்கித்தான் ஆகணும், அதுதான் காலிக்.

ஒரு கோடையில யாரோ லான் வெட்டின புல்லை மூட்டையா கொண்டு வந்து வேலிக்குள்ள கொட்டிட்டுப் போயிட்டாங்க. பச்சைப்புல்தானேன்னு நினைச்சிருப்பாங்க. வெட்டின புல் குவியலா கிடந்தா சூடேறிப் புளிச்சிடும், பொடிசா இருக்கறதால குதிரை சரியா மெல்லாமலும் முழுங்கிடும். சாயங்காலம் பாத்தா ஒரு பெண் குதிரை தன் வயித்தையே திரும்பித் திரும்பிப் பாக்குது, முன்னங்காலால தரையைப் பிராண்டுது, கழுத்தெல்லாம் வேர்வை, படுத்துப் புரளப் பாக்குது. வெட், அதாவது கால்நடை டாக்டர், வர்ற வரைக்கும் யார்டு அம்மா கயித்தைப் பிடிச்சு நடத்திக்கிட்டே இருந்தாங்க. பிழைச்சிடுச்சு. ஆபரேஷன்னு ஆகியிருந்தா ஆயிரக்கணக்கான பவுண்டு, இன்ஷூரன்ஸ் இல்லாதவங்க வலியில்லாம சாக ஊசி போட்டுடுங்கன்னு சொல்ற நிலைமைதான்.

போனிங்கற சின்ன ரகக் குதிரைன்னா இன்னும் அள்ளிக் கொடுக்கறாங்க. அதுங்களுக்குத்தான் லாமினைட்டிஸ் சுலபமா வரும், இனிப்பு ஏற ஏற இன்சுலின் ஏறி, குளம்புக்குள்ள எலும்பைப் பிடிச்சிருக்கற திசு கெட்டு, ஒரு அடி எடுத்து வெக்க முடியாம நிக்கும். சுகர் இருக்கற தாத்தாவுக்கு ஜாங்கிரி ஊட்டற மாதிரி இது.

அதுவும் லிவரி குதிரை யார்டுக்காரங்களோடதே இல்ல, வேற யாரோடதோ. ஆசையா இருந்தா கேளுங்க. சரின்னு சொன்னா கேரட்டை வட்டமா நறுக்காதீங்க, தொண்டையில அடைச்சுக்கும். நீளவாக்குல வெட்டி வாளியில போடுங்க, கையால ஊட்டி ஊட்டித்தான் சில குதிரைங்க கடிக்கப் பழகுது.

எடையைக் குறைச்சுச் சொல்றது

புக்கிங்ல எடை கேக்கறது எந்தக் குதிரை உங்களைத் தாங்கும்னு பாக்கத்தான். குதிரை எடையில 20 சதவீதத்துக்கு மேல ஏத்தக்கூடாதுங்கறது பரவலா இருக்கற கணக்கு, சேணமும் அதுல அடக்கம், சில இடத்துல இன்னும் கம்மி. நீங்க பொய் சொன்னா முதுகு வலி அதுக்குத்தான்.

ஷூ

சின்ன ஹீல் உள்ள பூட். ஸ்போர்ட்ஸ் ஷூன்னா அங்கவடிக்குள்ள (சேணத்துல கால் வெக்கற வளையம்) கால் முழுசா நுழைஞ்சு மாட்டிக்கும்.

கேட்

நீங்க வரும்போது மூடியிருந்தா, தாண்டினதும் திரும்ப மூடுங்க.

லைசென்ஸ் பாக்காம பிள்ளையை ஏத்தறது

இங்க காசு வாங்கிட்டு தன் குதிரையில சவாரி சொல்லிக்கொடுக்கணும்னா 2018 விதிப்படி கவுன்சில் லைசென்ஸ் வேணும், அதை எல்லாரும் பாக்கற மாதிரி மாட்டியும் வெக்கணும். வெறும் லிவரிக்கு அது தேவையில்ல. அதனால ஒரு இடத்துல இருபது குதிரை நிக்குதுங்கறதை வெச்சு எதையும் நம்பிடாதீங்க, கேளுங்க, ஒழுங்கா நடத்தறவங்க சந்தோஷமா காட்டுவாங்க.

சொல்லாம வந்து நிக்கறது

யார்டும் அவங்க வீடும் ஒண்ணுதான், ரிசப்ஷன்லாம் கிடையாது. விடிகாலையில தீனி போட்டு, லாயம் கூட்டி, குதிரைகளை மேய விட்டு முடிக்கவே நேரமாயிடும். முன்னாடியே போன் பண்ணி, அவங்க சொல்ற நேரத்துக்கு வாங்க.