காரடையான் நோன்பு: அடை, சரடு, சாவித்திரி கதை

மாசி முடிந்து பங்குனி பிறக்கும் வேளையில், மார்ச் 14-ஐ ஒட்டி வருவது, கணவர் பிரியாதிருக்க வேண்டிப் பெண்கள் இருக்கும் காரடையான் நோன்பு. மாதம் பிறக்கும் நேரம் ஆண்டுதோறும் மாறும். ஓர் ஆண்டு மாலையில் வரும், இன்னோர் ஆண்டு பின்னிரவில் வரும். ஆகவே முதல் வேலை பஞ்சாங்கம் பார்ப்பது. மாசி இருக்கும்போதே கழுத்தில் மஞ்சள் சரடு கட்டிவிட வேண்டும். 'மாசிக் கயிறு பாசி படியும்' என்பார்கள்; பாசி படியும் அளவுக்கு நெடுநாள் நிலைக்கும் என்று பொருள்.

படி 1: மாவு. இதை முந்தின நாளே செய்யுங்கள். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, அரைத்துச் சலித்து, வெறும் வாணலியில் வறுக்க வேண்டும். வறுத்த மாவை விரலால் எடுத்துக் கோலம் இழுத்துப் பாருங்கள். இழை அறுபடாமல் விழுந்தால் பதம் சரி. அடை நன்றாக வருவதும் வராததும் பெரும்பாலும் இந்த வறுவலில்தான் இருக்கிறது. காராமணியைத் தனியே வறுத்து, ஊறவைத்து, குழையாமல் வேகவைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: கிளறல். 1 கப் மாவுக்கு 1 கப் பொடித்த வெல்லம், 2 கப் தண்ணீர். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிக் கொதிக்கவிட்டு, காராமணி, தேங்காய்ப் பல், ஏலக்காய் சேர்த்து, தீயைத் தணித்து மாவைத் தூவிக் கிளறுங்கள். ஈர விரலில் ஒட்டாதபோது இறக்கலாம். உப்படைக்கு வெல்லம் வேண்டாம். கடுகு, பச்சை மிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை தாளித்து உப்புப் போட்டால் போதும்.

படி 3: வேகவைத்தல். வாழை இலையில் தட்டி, நடுவில் துளையிட்டு, இட்லிப் பானையில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வையுங்கள். துளை இருந்தால்தான் நடுப்பகுதி வேகும்.

அடை வேகும் நேரத்தில் பிள்ளைகளை உட்காரவைத்துக் கதை சொல்லுங்கள். மகாபாரத வனபர்வத்தில் வரும் கதை இது. சத்தியவானுக்கு ஓராண்டே ஆயுள் என்று நாரதர் சொல்லியும் அவனையே மணந்தாள் சாவித்திரி. குறித்த நாளில் யமன் உயிரைக் கவர்ந்து செல்ல, பின்தொடர்ந்து நடந்தாள். அவள் அழுது கெஞ்சவில்லை, அறம் பேசினாள். மகிழ்ந்த யமன், "இவன் உயிர் தவிர எதையும் கேள்" என்றான். மாமனாருக்குப் பார்வை, அவர் இழந்த நாடு, தன் தந்தைக்கு நூறு பிள்ளைகள், பிறகு தனக்கும் சத்தியவானுக்கும் நூறு பிள்ளைகள் என வரிசையாகக் கேட்டாள். ஐந்தாம் வரம் தரும்போது யமன் அந்த விலக்கைச் சொல்லவில்லை. அவள் அதைக் கவனித்துக் கணவனின் உயிரைக் கேட்டுப் பெற்றாள். பதிபக்தி என்ற ஒரே சொல்லில் இவளை அடக்கிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கூர்மதியையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

படி 4: படையல். கோலமிட்டு, நுனி இலையில் இரண்டு அடை, அவற்றின் மேல் வெண்ணெய், பக்கத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பூவும் மஞ்சள் துண்டும் கோத்த மஞ்சள் சரடு. கம்பை ஆற்றங்கரையில் மணலில் லிங்கம் பிடித்துத் தவமிருந்த காஞ்சி காமாட்சியை நினைத்து, "உருகாத வெண்ணெயும் ஓரடையும் நான் நோற்றேன், ஒருநாளும் என் கணவர் பிரியாதிருக்க வேண்டும்" என்று வேண்டிச் சரடு கட்டிக்கொள்ளுங்கள். மணமாகாத பெண்கள் நல்ல துணை வேண்டிக் கட்டிக்கொள்வார்கள்.

அதுவரை விரதம், பிறகு அடையை வெண்ணெயோடு சாப்பிடலாம். அன்று பால், மோர் சேர்ப்பதில்லை. இரண்டு அடையை எடுத்துவைத்து மறுநாள் காலையில் பசுவுக்குக் கொடுங்கள்.