காணாமல் போன ஆல்ஃபா சைனூக்ளின் கோடு

தரமணி ஆய்வகத்தில் இரண்டு வாரம் என்னைத் தூங்கவிடாத பிரச்சினை இது. பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் லூயி பாடிகள் என்ற உருண்டைகளாகத் திரளும் ஆல்ஃபா சைனூக்ளின் புரதத்தை வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து, மெம்பிரேன் என்ற மெல்லிய தாளுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் கோடாகக் காட்டும் சோதனை) பார்க்க வேண்டும். எலி மூளையில் அது ஏராளம். ஆனாலும் எனக்கு மங்கலான கோடுகூட வரவில்லை. ஒப்பீட்டுக்காகப் பார்க்கும் பீட்டா ஆக்டின் புரதம் மட்டும் பளிச்சென்று வந்தது.

மே மாத மின்வெட்டில் ஃப்ரீசர் சூடாகி, சைனூக்ளினைப் பிடித்துக் காட்டும் ஆன்டிபாடி கெட்டுவிட்டது என்று நம்பினேன். புதுக் குப்பி வந்தும் அதே கதை.

அப்புறம்தான் சீனியர் அக்கா கேட்டார்: "மெம்பிரேனை ஃபிக்ஸ் பண்ணினியாம்மா?" அதாவது, புரதத்தை ரசாயனத்தால் மெம்பிரேனோடு இறுக்கினாயா என்று.

ஆல்ஃபா சைனூக்ளின் 140 அமினோ அமிலம் கொண்ட சின்னப் புரதம், சுமார் 14 கிலோடால்டன். மெம்பிரேனில் ஏறும், ஆனால் ஒட்டி நிற்காது; கழுவக் கழுவப் போய்விடும். ஆன்டிபாடியை நான் வீணாகச் சந்தேகித்திருக்கிறேன்.

புரதத்தை மெம்பிரேனுக்கு மாற்றும் டிரான்ஸ்ஃபர் முடிந்ததும், மெம்பிரேனின் வெற்றிடங்களை மூடும் பிளாக்கிங்குக்கு முன், அதை 0.4% பாராஃபார்மால்டிஹைடில் 30 நிமிடம் ஊறவைத்தேன். நச்சுப்புகை என்பதால் கட்டாயம் புகையை உறிஞ்சும் ஃப்யூம் ஹுட்டுக்குள். மெம்பிரேனையும் 0.45 மைக்ரான் துளையுள்ளதிலிருந்து 0.2 மைக்ரான் துளையுள்ள பிவிடிஎஃப் வகைக்கு மாற்றினேன்.

மறுநாள் கோடு தெளிவாக வந்தது. அவ்வளவு சந்தோஷம்!

சில ஆன்டிபாடிகள் பிடிக்கும் இடத்தை ஃபிக்ஸ் செய்வதே மறைத்துவிடலாம். அதனால் முதல் முறை, ஃபிக்ஸ் செய்யாத மெம்பிரேன் துண்டு ஒன்றையும் கூடவே ஓட்டிப் பாருங்கள்.