எலக்டோரல் காலேஜ் எதற்காக வந்தது? பேப்பர், பேனாவோடு கண்டுபிடிப்போம்

அமெரிக்காவில் மக்கள் போடும் ஓட்டு நேராக அதிபருக்குப் போவதில்லை. மாநிலவாரியாகத் தேர்வாளர்கள் வருகிறார்கள். அவர்கள் போடும் ஓட்டில்தான் அதிபர் தேர்வாகிறார். இந்தத் தேர்வாளர் குழுவுக்குத்தான் எலக்டோரல் காலேஜ் என்று பெயர். ஏன் இந்தச் சுற்றுவழி? 'மக்களை நம்பவில்லை' என்ற ஒற்றை வரிப் பதில் போதாது. நீங்களே சரிபார்க்கலாம்.

படி 1: தடைகளைப் படியுங்கள்

அரசியல் சட்டத்தின் இரண்டாம் பிரிவைத் திறங்கள். காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினரோ மத்திய அரசுப் பதவியில் இருப்பவரோ தேர்வாளராக முடியாது. தேர்வாளர்கள் அவரவர் மாநிலத்திலேயே கூடி, நாடு முழுக்க ஒரே நாளில் ஓட்டுப் போட வேண்டும். 1787இல் இந்தச் சட்டத்தை எழுதப் பிலடெல்பியாவில் கூடியவர்கள், அதிபரைக் காங்கிரஸே தேர்ந்தெடுக்கட்டும் என்றும் யோசித்தார்கள். அப்படிச் செய்தால் மறுபடி பதவிக்கு வர அதிபர் அங்கே பேரம் பேசுவாரே என்ற பயம் வந்தது. ஓட்டுப் போட்டதும் கலைந்துவிடுகிற, ஊர் ஊராகப் பிரிந்து கிடக்கிற குழுவை விலைக்கு வாங்குவது கஷ்டம். வெளிநாட்டுச் சூழ்ச்சிக்கும் இதுவே தடுப்பு என்று அங்கே கூடியவர்களில் ஒருவரான ஹாமில்டன் 1788இல் எழுதினார்.

படி 2: இரண்டு ஓட்டைக் கவனியுங்கள்

1804 வரை அதிபரைத் தேர்ந்தெடுக்கத் தேர்வாளருக்கு இரண்டு ஓட்டு இருந்தது. ஒன்றாவது வெளிமாநிலத்தவருக்குப் போக வேண்டியிருந்தது. எல்லாரும் சொந்த ஊர்க்காரரையே தூக்கிப் பிடிப்பார்கள் என்ற கவலைதான் காரணம்.

படி 3: கணக்குப் போடுங்கள்

இங்கே நிதானமாக இருங்கள், பலர் தாண்டிப் போகிற இடம் இது. மக்களே தேர்ந்தெடுப்பதுதான் பொருத்தம் என்று பிலடெல்பியாவில் கூடியவர்களில் ஒருவரான மேடிசன் 1787 ஜூலை 19 அன்று சொன்னார். ஆனால் தெற்கே அடிமைகளுக்கு ஓட்டில்லை, அதனால் நேரடித் தேர்தலில் தென் மாநிலங்களின் செல்வாக்குப் போய்விடும், தேர்வாளர் முறை அந்தச் சிக்கலைத் தீர்க்கும் என்றும் சேர்த்துச் சொன்னார்.

எப்படித் தீர்க்கும்? ஒரு மாநிலத்தின் தேர்வாளர் எண்ணிக்கை என்பது அதன் கீழவைப் பிரதிநிதிகளோடு 2 செனட்டர்கள் (மேலவை உறுப்பினர்கள்). 1790 கணக்கெடுப்புக்குப் பிறகு 33,000 பேருக்கு ஒரு பிரதிநிதி. அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கு மக்கள்தொகையில் சேரும்.

வர்ஜீனியாவில் சுதந்திர மக்கள் 4,54,983, அடிமைகள் 2,92,627. ஐந்தில் மூன்று பங்கைச் சேர்த்தால் 6,30,559. இதை 33,000 ஆல் வகுத்தால் 19, ஆக 21 தேர்வாளர்கள். பென்சில்வேனியாவில் சுதந்திர மக்கள் 4,30,636. அடிமைகள் 3,737 பேர்தான். அதற்கு 15.

சரி, அடிமைகளை விட்டுவிட்டு வர்ஜீனியாவுக்கு மறுபடி வகுத்துப் பாருங்கள். 13 பிரதிநிதிகள், 15 தேர்வாளர்கள். ஓட்டே இல்லாத மனிதர்களை எண்ணி, அவர்களை அடிமையாக வைத்திருந்தவர்களின் கையில் கொடுத்த ஓட்டு ஆறு.

படி 4: முடிவோடு ஒப்பிடுங்கள்

1800 அதிபர் தேர்தலில் தேர்வாளர் ஓட்டு ஜெஃபர்சனுக்கு 73, ஆடம்ஸுக்கு 65. வித்தியாசம் எட்டுதான். வர்ஜீனியாவின் 21ம் ஜெஃபர்சனுக்கே போயின. ஜார்ஜியாவும் தென் கரோலினாவும் அவருக்கே மொத்தமாகப் போட்டன. அந்த இரண்டுக்கும் இதே கணக்கைப் போட்டு, வர்ஜீனியாவின் ஆறோடு கூட்டி, எட்டு தாண்டுகிறதா என்று பாருங்கள்.