கிராபி வெந்நீர் அருவிக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

தாய்லாந்தின் கிராபிக்குப் போகிறவர்கள் தீவுகளுக்கு மூன்று நாள் ஒதுக்கிவிட்டு, மிச்சமுள்ள ஒரு நாளைக் காட்டுப் பக்கம் வைத்துக்கொள்வார்கள். குளோங் தோம் வெந்நீர் அருவி, மரகதக் குளம், நேரம் இருந்தால் இன்னொரு அருவி. நல்ல திட்டம்தான். ஆனால் ஹோட்டல் நீச்சல்குளத்துக்குப் போகிற நினைப்பிலேயே கிளம்புகிறார்கள், சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

முதல் தவறு, சாவகாசமாகக் கிளம்புவது. ஆவோ நாங் கடற்கரையிலிருந்து குளோங் தோம் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலை உணவை முடித்துவிட்டுப் பத்து மணிக்கு வண்டி ஏறினால், உச்சி வெயிலில் வெந்நீரில் இறங்க வேண்டியிருக்கும். பலர் கூட்டத்துக்குப் பயந்து மரகதக் குளத்துக்கு முதலில் போகச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கூட்டம் எரிச்சல்தான் தரும், வெயிலும் வெந்நீரும் சேர்ந்தால் உடம்பையே சாய்த்துவிடும். வெந்நீர் அருவியைத் திறந்தவுடன் முடித்துக்கொண்டு, வெயில் ஏறும்போது குளத்துக்குப் போங்கள்.

இரண்டாவது தவறுதான் பெரியது: வெந்நீரில் ஊறிக்கொண்டே இருப்பது. அங்கே தண்ணீர் சுமார் 40 டிகிரி செல்சியஸ். தாதுக்கள் படிந்து வழவழப்பான பாறைக் குழிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று பேர் சாய்ந்து உட்காரலாம். சுகமாக இருப்பதால் நேரம் போவதே தெரியாது. ஆனால் கழுத்துவரை வெந்நீரில் இருக்கும்போது வியர்வை வந்தும் பயனில்லை. அது ஆவியாக வழியில்லாததால் உடம்பின் சூடு இறங்காது. ரத்தக் குழாய்கள் விரிந்து ரத்த அழுத்தமும் குறையும். அந்த நிலையில் சட்டென்று எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும், காலடியில் இருப்பதோ ஈரப் பாறை. பத்துப் பதினைந்து நிமிடத்தில் வெளியே வந்து, ஓரமாக உட்கார்ந்து, நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வேண்டுமானால் மறுபடி இறங்குங்கள். கீழே ஓடும் ஆறு குளிர்ந்தது, அதிலும் மெதுவாகத்தான் இறங்க வேண்டும். கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். சின்னக் குழந்தைகளுக்கு அந்தச் சூடு அதிகம். முதல் நாள் இரவு குடித்த மது இன்னும் தெளியவில்லை என்றால் வெந்நீர் வேண்டவே வேண்டாம்.

அப்புறம், தலையை முக்காதீர்கள். வெதுவெதுப்பான இயற்கை நீர்நிலைகளில் நெக்லேரியா ஃபவுலேரி என்ற அமீபா வாழக்கூடும். மூக்கு வழியாக ஏறினால் மூளையைத் தாக்கும். மிக அரிது, ஆனால் வந்தால் பெரும்பாலும் உயிர் பிழைப்பதில்லை. மூக்கை நீர்மட்டத்துக்கு மேலே வைத்துக்கொள்வது அவ்வளவு கஷ்டமா என்ன? சோப்பு, ஷாம்பூ எதையும் தண்ணீருக்குள் கொண்டுபோகவும் வேண்டாம்.

மரகதக் குளத்தில் ஆபத்து தண்ணீருக்குள் இல்லை, கரையில் இருக்கிறது. சுண்ணாம்புப் படிவத்தின் மேல் பாசி படர்ந்திருக்கும், வெறுங்காலோடு போட்டோவுக்கு நிற்பவர்கள்தான் அதிகம் விழுகிறார்கள். படிக்கட்டு உள்ள இடத்தில் மட்டும் இறங்குங்கள். அதற்கு மேலே காட்டுக்குள் இருக்கும் நீலக் குளம் பார்ப்பதற்கு மட்டுமே, அங்கே குளிக்கத் தடை.

மழையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏறக்குறைய மே முதல் அக்டோபர் வரை அங்கே மழைக்காலம், அப்போது காவோ பனோம் பெஞ்சா தேசியப் பூங்காவின் ஹுவாய் தோ போன்ற அருவிகள் அழகாகக் கொட்டும். ஆனால் தலைக்கு மேலே வானம் தெளிவாக இருந்தாலும் மலை உச்சியில் மழை பெய்துகொண்டிருக்கலாம். மழைக்காலம் இல்லையென்று அசட்டையாக இருப்பதும் தவறு. 2007 ஏப்ரலில், சோங்க்ரான் எனப்படும் தாய்லாந்துப் புத்தாண்டு விடுமுறை நேரத்தில், பக்கத்து மாகாணமான திராங்கில் அருவிகளில் திடீர் வெள்ளம் வந்து 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தெளிந்த நீர் கலங்கினால், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால், உடனே பக்கவாட்டில் மேடான இடத்துக்கு ஏறுங்கள். பையை எடுக்கத் திரும்பாதீர்கள். ஊழியர்கள் அருவியை மூடியிருந்தால் வேலியைத் தாண்டி எட்டிப் பார்க்கவும் வேண்டாம்.

கடைசியாக ஸ்கூட்டர். குளோங் தோம் போகும் 4-ஆம் எண் நெடுஞ்சாலையில் லாரிகள் வேகமாகப் போகும். இரு சக்கர வாகனத்துக்கான உரிமமும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் இல்லாமல் ஓட்டி விபத்து நேர்ந்தால், பயணக் காப்பீட்டில் பணம் கிடைப்பது கஷ்டம். வெந்நீரில் ஊறி வந்த பிறகு கண்ணைச் சொக்கும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். நான்கு பேர் இருந்தால் ஓட்டுநரோடு ஒரு கார் பேசிக்கொள்ளுங்கள், திரும்பும்போது எல்லோருமே தூங்கிக்கொண்டு வரலாம்.