காரைக்குடியிலிருந்து அயர்லாந்துக்கு: வீடும் பள்ளியும்

முகப்பும் வளவும் இரண்டாங்கட்டும் கொண்ட செட்டிநாட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு, டப்ளினில் இரண்டு படுக்கையறைக் குடியிருப்பு கிடைப்பதே பெரும்பாடு என்பது முதலில் நம்ப முடியாததாக இருக்கும். தேவை மிகுந்த திறன்வேலைகளுக்கு அயர்லாந்து தரும் கிரிட்டிகல் ஸ்கில்ஸ் வேலை அனுமதி பெற்றவர்கள் குடும்பத்தை உடனே அழைத்துக்கொள்ள வழியிருந்தாலும், ஒருவர் முன்னதாகப் போய் வீடு பிடித்தபின் மற்றவர்கள் கிளம்புவதே நல்லது என்பேன்.

வாடகை வீடுகள் பெரும்பாலும் டாஃப்ட் இணையதளத்தில் வரும். வேலை ஒப்பந்தம், சம்பளச் சான்று, பழைய வீட்டுக்காரரின் கடிதம் ஆகியவற்றை ஒரே கோப்பாக வைத்திருந்து, விளம்பரம் வந்தவுடனே அனுப்ப வேண்டும். (சொந்த வீட்டிலேயே இருந்தவர் வீட்டுக்காரரின் கடிதத்துக்கு எங்கே போவார்? வங்கிக் கணக்கு விவரமும் நிறுவனத்தின் கடிதமும் கைகொடுக்கும்.) ஒரு மாத வாடகையும் அதே அளவு வைப்புத்தொகையும் தவிர, தொடக்கத்தில் கூடுதலாகக் கேட்க 2021 முதல் சட்டம் இடந்தரவில்லை. "வெளியூரில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்பவரிடம் ஏமாறாதீர்கள். வீட்டின் ஆற்றல் சிக்கனத்தைக் காட்டும், ஏ முதல் ஜி வரையிலான பி.ஈ.ஆர். தரத்தையும் பாருங்கள், ஜி தர வீட்டில் சூடேற்றும் செலவு கையைக் கடிக்கும்.

தொடக்கப்பள்ளிகளில் பெரும்பாலானவை கத்தோலிக்க நிர்வாகத்தில் உள்ளவை. எனினும் இடம் போதாதபோது மதத்தைக் காட்டிச் சேர்க்கையில் முன்னுரிமை தருவதை 2018-ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலும் நீக்கிவிட்டது. எஜுகேட் டுகெதர் பள்ளிகள் எல்லா மதத்தினருக்கும் பொதுவானவை. பல பள்ளிகள் அருகில் வசிப்பவர்களுக்கு முன்னுரிமை அளிப்பதால், முகவரி உறுதியான அன்றே விண்ணப்பியுங்கள்.