பக்கத்து வீட்டுச் சண்டையில் எதைப் பதிவு செய்யலாம், எதைச் செய்யக்கூடாது

தாம்பரம் பக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளராக இருக்கிறேன். பார்க்கிங், கழிவுநீர், குப்பை என எதில் தொடங்கினாலும் சண்டை இப்போது கேமராவில்தான் வந்து நிற்கிறது. "என் வீட்டைப் படம் பிடிக்கிறார்" என்பார் ஒருவர். "எனக்கு ஆதாரம் வேண்டாமா?" என்பார் மற்றவர். இருவருக்கும் நான் சொல்வது ஒன்றே: உங்களுக்கு நேர்வதைப் பதிவு செய்யுங்கள், அடுத்தவர் குடும்பம் நடத்துவதை அல்ல.

உங்கள் வாசலும் வண்டியும் தெரியும்படி கேமரா வைப்பதில் தவறில்லை. பொதுநடையில் வைப்பதானால் சங்கத்தின் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். எதிர்வீட்டுப் படுக்கையறை ஜன்னலோ குளியலறை வென்டிலேட்டரோ திரையில் விழவே கூடாது. பொருத்த வந்தவர் கிளம்புமுன் படத்தைப் பாருங்கள்; விளக்கேற்றிய பிறகு மறுபடியும் பாருங்கள். பகலில் இருட்டாகத் தெரியும் ஜன்னல், இரவில் அறை முழுவதையும் காட்டிவிடும். பல கேமராக்களில் திரையின் ஒரு பகுதியை மறைக்கும் வசதி உண்டு. ஒலிப்பதிவை அணைத்துவிடுங்கள், வாசலில் நின்று பேசுகிறவர்களின் பேச்சு உங்களுக்கு எதற்கு?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017இல் புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தார்கள். பாதுகாப்பின் பெயரால் அண்டை வீட்டாரை வேவு பார்க்க அனுமதிக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023இல் கூறியது. குளிக்கும், உடை மாற்றும் பெண்ணைப் படமெடுத்தால் குற்றங்களுக்கான சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவில் முதல் முறையே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. "சண்டைக்காக எடுத்தேன்" என்பது அங்கே எடுபடாது.

பேச்சைப் பதிவு செய்வது வேறு. உங்களிடம் நேரில் வந்தோ போனிலோ மிரட்டினால் அதைப் பதிவு செய்து வையுங்கள். பேசுகிறவர்களில் ஒருவரின் சம்மதத்தோடு எடுத்த தொலைபேசிப் பதிவை 1972இலேயே மல்கானி வழக்கில் உச்ச நீதிமன்றம் சாட்சியமாக ஏற்றது. குரல் யாருடையது என்பது தெளிவாக வேண்டும், வெட்டி ஒட்டியிருக்கக்கூடாது. நீங்கள் இல்லாத இடத்தில் கருவியை ஒளித்துவைத்துப் பிறர் பேச்சைப் பிடிப்பதற்கு இந்தத் தீர்ப்பு துணை நிற்காது. அதைச் செய்யாதீர்கள்.

பதிவு கிடைத்ததும் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போடத் துடிக்கும் கையை அடக்குங்கள். அதை நான் மிகக் கடுமையாகவே சொல்வேன். அவதூறு வழக்கு உங்கள் மீதே திரும்பலாம். தலைப்பிட்டு வெட்டிய வீடியோ ஆதாரத்தின் மதிப்பையும் கெடுக்கும். கேமராப் பெட்டி பழைய பதிவுகளைத் தானே அழித்துவிடும் என்பதால், அன்றைக்கே பென்டிரைவில் நகலெடுங்கள். எடுத்த போனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். நீதிமன்றத்தில் நகலைத் தாக்கல் செய்ய, சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் (எந்தக் கருவியில், எப்படி எடுத்தது என்று உறுதிசெய்வது) தேவை. தேதி, நேரம், நடந்தது, உடனிருந்தவர் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்.

உங்கள் வீட்டை நோக்கித் திரும்பிய கேமராவை உடைக்கவோ துணி போட்டு மூடவோ போகாதீர்கள். அது தெரியும் கோணத்தை உங்கள் பக்கமிருந்து படமெடுத்து, திருப்பி வைக்கக் கேட்டுப் ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். அசையவில்லையென்றால் சங்கத்துக்கு ஒரு பிரதி, காவல் நிலையத்தில் ஒரு மனு. மனுவைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். கேமராவைத் திருப்ப உத்தரவிடக் கோரி உரிமையியல் நீதிமன்றத்தையும் அணுகலாம். வக்கீல் செலவுக்கு வழியில்லாதவர்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். அங்கே பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச உதவி உண்டு.