பாட்டு வீடியோவை முதலில் ஊமையாகப் பாருங்கள்

ஒரு பாப் பாடல் வீடியோ ஏன் அப்படி ஓடியது என்று கண்டுபிடிக்க வேண்டுமா? முதல் தடவை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். நல்ல மெட்டு நம்மை ஏமாற்றிவிடும். படத்தில் சரக்கு இருக்கிறதா என்பது ஊமையாகப் பார்த்தால்தான் தெரியும்.

தென்கொரியப் பாடகர் சையின் 'கங்னம் ஸ்டைல்' வீடியோவில் இதைச் செய்து பாருங்கள். 2012 ஜூலையில் வந்து, அதே டிசம்பரில் யூடியூபில் 100 கோடிப் பார்வைகளைத் தொட்ட முதல் வீடியோ அது. தொடக்கத்தில் அவர் கடற்கரையில் சொகுசாகச் சாய்ந்திருப்பது போலத் தெரியும். கேமரா விலகினால், அது குழந்தைகள் விளையாடும் மணல் திடல்! சியோலின் பணக்காரப் பகுதியான கங்னமின் பெயரைச் சொல்லிக்கொண்டு அடிக்கிற இந்தக் கிண்டலுக்குக் கொரிய மொழி தெரிய வேண்டியதில்லை. அப்புறம் அந்தக் குதிரை நடனம். ஆடவே வராதவரும் கல்யாண வீட்டில் ஆடிவிடலாம். என் கணக்கில் பாதி வெற்றி அதில்தான்.

இரண்டாம் தடவை ஒலியோடு பார்க்கும்போது கையில் பேனா இருக்கட்டும். முதல் சிரிப்பு எத்தனையாவது நொடியில் வருகிறது, முக்கிய நடன அசைவு எத்தனை முறை திரும்புகிறது, இந்த இரண்டை மட்டும் குறித்தால் போதும்.